கண்டனூருக்குப் பிள்ளை போனவர்

என் வீட்டுக்காரரை இருந்த இடத்தைவிட்டு நகர்த்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்மேல் பரிதாபப்பட்டு ஏமாற வேண்டாம்.

அவர் பெயர் சோமு. கோட்டையூரில் ஐந்து அண்ணன் தம்பிகளில் மூன்றாமவர். மூத்தவனுக்கு மரியாதை, கடைக்குட்டிக்குச் செல்லம், நடுவில் இருப்பவனுக்கு என்ன? அவருக்குக் கிடைத்தது ஓர் அறையும் தாழ்வாரத்தில் ஓர் அடுப்பும். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வீடு, முகப்பில் யானைக்கால் தூண்கள். உள்ளே ஐந்து குடும்பம், ஐந்து அடுப்பு, ஒரு கிணறு. மழைக்காலத்தில் எங்கள் அறையில் நான்கு இடத்தில் பாத்திரம் வைப்பேன். ஓடு மாற்றச் சொன்னால், "ஒழுகுற எடம் தெரிஞ்சுதானே இருக்கு, தள்ளிப் படுத்துக்கலாம்" என்பார்.

அவர் அப்படித்தான். காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையில் இருபது வருஷமாக வேலை. எட்டரை மணி டவுன் பஸ், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஸீட். அந்த ஸீட்டில் வேறு யாராவது இருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். கத்தரிக்காய் தின்ன மாட்டார், அரிக்குமாம். பாயை நான் ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டால் புரண்டுகொண்டே கிடப்பார். கல்யாணமான புதிதில் மதுரைக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரு மாதம் நச்சரித்தேன். போன அன்றே தலைவலி என்று திரும்பிவிட்டார். அதற்கு மேல் உலகம் இருப்பதே அவருக்குக் கேள்விப்பட்டதுதான்.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த அறையில் நானும் அவரும் அவருடைய பழக்கங்களும்தான் மிச்சம். எனக்கு நாற்பத்தொன்று. இன்னும் முப்பது வருஷம் அந்த ஈரச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தாலே எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

அப்போதுதான் கண்டனூரிலிருந்து சேதி வந்தது. எழுபதாம் வருஷம் கார்த்திகை. நாச்சியம்மை ஆச்சி பிள்ளை கூட்டப் போகிறாராம்.

எங்கள் நகரத்தாரில் இது உண்டு. வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து ஒருவர் பிள்ளையாகப் போவார். தொட்டில் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மீசை வைத்தவர், பெண்டாட்டி கட்டியவர், பேரன் எடுத்தவர்கூடப் போவதுண்டு. போய்விட்டால் பெற்ற வீட்டில் அவருக்கு இடம் கிடையாது. பெற்றவள் செத்தால் கொள்ளி வைக்கவும் உரிமை கிடையாது. புது வீட்டு ஆத்தாதான் ஆத்தா.

நாச்சியம்மை ஆச்சிக்கு எழுபது இருக்கும். இளவயதிலேயே தாலியறுத்தவர். ஒரே மகன் முத்தப்பன். பதிமூன்று வயதில் தொழில் பழகப் பினாங்குக்குக் கப்பலேறினான். ஜப்பான்காரன் காலத்தில் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். சண்டை முடிந்து திரும்பியவர்கள் சொல்லித்தான் இங்கே தெரியும். அதன்பின் இருபத்தைந்து வருஷம் அந்த அரண்மனை வீட்டில் ஆச்சியும், வேலைக்காரி காளியாயியும் மட்டும்தான்.

ஆச்சிக்குப் பிள்ளை தர எத்தனையோ வீடுகள் தயாராக இருந்தன. படித்த பையன்கள், இளந்தாரிகள், ஆண் வாரிசு உள்ளவர்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு ஆச்சி எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்து என் மாமியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்க மூணாவது பிள்ளை என்ன வருசம்?"

"பிரபவ வருசம் ஆச்சி. மாசி மாசம்."

"சரி," என்றார் ஆச்சி. ஜாதகம்கூடக் கேட்கவில்லை.

பங்காளிகள் எல்லோரும் ஆச்சிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள். ஒற்றைப் பெண்ணைப் பெற்ற நாற்பத்து மூன்று வயது ஆளைக் கூட்டி என்ன வம்சம் தழைக்கப் போகிறது என்றார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சாத்தினால் சாத்திக்கொள்ளும் கதவுகள் உள்ள ஒரு வீடு என் கண்ணுக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றார்.

"இந்த வயசுல இன்னொருத்தவுகளைப் போயி ஆத்தான்னு எப்படிக் கூப்பிடுவேன்? வாய் வருமா?"

"வாயைத் தொறந்தா வரும். நீங்க எதுக்குத்தான் வாயைத் தொறந்தீக?"

மூன்று வாரம் சண்டை. நான் பேசாதது எல்லாம் பேசினேன். பேடி என்றேன், அம்மிக்கல் என்றேன். ஒழுகுகிற வீட்டில் செத்து அதே ஈரத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றேன். கடைசியில் பேச்சையே நிறுத்தினேன். நாலாம் நாள் சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்:

"ஒனக்காகப் போறேன் சிகப்பி. ஆனா அங்குட்டுப் போனா நான் எப்படியிருப்பேன்னு எனக்கே தெரியலை."

"எப்படியிருந்தாலும் இப்ப இருக்கிறதுக்குத் தேவலை," என்று சிரித்தேன். அந்த நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

தை மாதம் நல்ல நாளில் கூட்டினார்கள். என் மாமியார் அவர் கையைப் பிடித்து ஆச்சியின் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் மாமியார் அழுதார், என் வீட்டுக்காரர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார், ஆச்சி மட்டும் அசையவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை விடவும் இல்லை. சாப்பாடு முடியும்வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளை வருகிறவருக்குப் புதுப் பெயர் வைப்பதுண்டு. ஆச்சி, "முத்தப்பன்" என்றார். யாருக்கும் அது உறுத்தவில்லை. எங்கள் வீடுகளில் பாட்டன் பெயர் பேரனுக்கு வரும். தலைமுறைக்குத் தலைமுறை அதே நாலு பெயர்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுப் பாட்டனும் முத்தப்பன்தான். பாட்டன் பெயரை வைக்கிறார் என்றுதான் கூடியிருந்த நூறு பேரும் நினைத்தோம்.

அன்று சாயங்காலம் கண்டனூர் வீட்டுக்குள் நுழைந்தோம். அந்தத் தெரு முழுக்கப் பூட்டிய வீடுகள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறப்பார்கள். மற்ற நாளில் பட்டப்பகலிலும் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். வாசலில் நின்ற காளியாயி ஆரத்தித் தட்டோடு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டீகளா தம்பி? ஆச்சி எம்புட்டு நாளாப் பாத்துக்கிட்டு இருக்காக," என்றாள். முதல்முறை பார்க்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு லேசாக உறைத்தது. வயதானவள், உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வீடு பிடித்துப்போனது. பொய் சொல்வானேன். இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு வளவை, அந்த நடுமுற்றத்தை, சுற்றி வரும்போது ராணி மாதிரித்தான் இருந்தது. பாவம், அவர்தான் முதல் இரண்டு வாரம் அல்லாடினார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டே நிற்பார். கடை வேலையை ஆச்சி விடச் சொல்லிவிட்டார். எட்டரை மணியானால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வருவார்.

மூன்றாவது வாரம் ஒருநாள், மச்சுக்குப் போகலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். அதுவரைக்கும் நாங்கள் மேலே போனதில்லை, கதவு பூட்டியே கிடந்தது. நான் முன்னால் ஏறினேன். பின்னாலிருந்து அவர் சொன்னார்: "பாத்து, ஆறாவது படி ஆடும்."

ஆறாவது படியில் காலை வைத்தேன். ஆடியது.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆத்தா சொன்னாக போல," என்றார். அப்போதுதான் கவனித்தேன், அவருக்கு ஆத்தா என்ற சொல் வாயில் ஒட்டாமல் வந்தது போய், தானாக வருகிறது. சரி, பழகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். இருந்தாலும் கீழே வந்து ஆச்சியிடம் கேட்டேன். மகன் கப்பலேறிய நாளிலிருந்து தானே அந்தப் படியில் கால் வைத்ததில்லை என்றார் ஆச்சி.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் இலையில் எண்ணெய்க் கத்தரிக்காய் இருந்தது. ஆச்சியே பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். "அவுகளுக்கு ஒத்துக்காது ஆச்சி," என்று நான் எழுந்தேன். அவர் அதற்குள் இரண்டு தின்று மூன்றாவதை எடுத்திருந்தார். "யாருக்கு ஒத்துக்காது?" என்று ஆச்சி கேட்டார். அவருக்கு ஒரு தடிப்புக்கூட வரவில்லை.

ஆச்சி மந்திரம் எதுவும் போடவில்லை. நான் கூர்ந்து பார்த்துவிட்டேன். தாயத்து இல்லை, பூசை இல்லை. காலையில் அவர் தலையில் எண்ணெய் வைத்து விடுவார். சாப்பிடும்போது விசிறுவார். அவர் வெளியே போனால் வாசலிலேயே நிற்பார், வரும்வரைக்கும் நிற்பார். அவ்வளவுதான். ஒன்று மட்டும்தான் வினோதம். யாராவது தவறிப்போய் "சோமு அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தால், ஆச்சி சுற்றுமுற்றும் பார்ப்பார். வெளியே போயிருக்கிற ஆளைத் தேடுவதுபோல் பார்த்துவிட்டு, "சோமு இங்க இல்லையே," என்பார். கேட்டவர் சிரிப்பார். ஆச்சி சிரிக்க மாட்டார். கூடவே உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். ஆடி மாதத்தில் அவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த ஆடியில்தான் இன்னொன்று. சாப்பிட்டுவிட்டு வளவில் படுத்திருந்தார். நல்ல வெயில், காற்றில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். தூக்கத்தில், "ஹுஜான், ஹுஜான்," என்று முனகினார். உடம்பைக் குறுக்கிக்கொண்டு நனைந்தவர் மாதிரி நடுங்கினார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு ஜில்லென்று இருந்தது. எதிர்வீட்டுக் காவல்காரர் சின்னக்கருப்பு பினாங்கில் இருந்து வந்தவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"மழைன்னு அர்த்தம் ஆச்சி. மலாய்க்காரவுக சொல்லுவாக. அய்யா எந்த வருசம் பினாங்குல இருந்தாக?"

மதுரையைத் தாண்டாதவர் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் மலாயாவுக்குப் போய் வந்தவர்கள், கடையில் யாராவது பேசக் கேட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வரும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன் என்றால் பயந்துவிட்டேன் என்றுதான் பொருள்.

மறுநாள் கிணற்றடியில் அவரை மடக்கினேன்.

"ஒங்க பேர் என்ன, சொல்லுங்க."

"என்ன சிகப்பி வெளையாட்டு?"

"சொல்லுங்க."

அவர் சட்டென்று முத்தப்பன் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கவலையில்லை. கூட்டிய பெயர் அதுதானே. அவர் யோசித்தார். கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு, மறந்துபோன ஊர்ப் பெயரை நினைவுக்குக் கொண்டுவருகிறவர் மாதிரி யோசித்தார். கடைசியில், "வெயிலா இருக்கு, உள்ள வா," என்று போய்விட்டார்.

பெற்றவளைப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று கோட்டையூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஸீட் காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிப் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, புது ஊரைப் பார்ப்பதுபோல் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து, காப்பி நன்றாக இருக்கிறது என்று மாமியாரிடம் சொன்னார். எங்கள் பழைய அறையை எட்டிப் பார்த்து, "இங்க யாரு இருக்காக?" என்று கேட்டார். கிளம்பும்போது என் மாமியார் என்னைத் தனியே இழுத்தார்.

"அவன் தூங்குறானாடி?"

"நல்லாத் தூங்குறாக அயித்தை."

"சின்னப் பிள்ளையிலேருந்து அவன் நல்லாத் தூங்கினதே இல்லை," என்றார்.

தை பிறந்தது. வீட்டில் படைப்பு வந்தது. இறந்துபோன முன்னோரை வருஷத்துக்கு ஒருமுறை கும்பிடுவதற்குப் பெயர் படைப்பு. அவர்களுடைய வேட்டியும் சேலையும் ஒரு பேழையில் இருக்கும். அதை எடுத்து அலசிக் காயவைத்து, ஒவ்வொருவருக்கும் புதுத் துணி வைத்து, இலை போட்டு, பெயர் சொல்லி அழைத்துச் சோறு படைப்போம். பங்காளிகள் எல்லோரும் வருவார்கள்.

முதல்நாள் பேழையைத் திறந்து நானும் காளியாயியும் துணிகளை எடுத்தோம். ஆச்சியின் மாமனார், மாமியார், வீட்டுக்காரர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காளியாயி சொல்லிக்கொண்டே வந்தாள். பேழையின் அடி தெரிந்தது.

"அந்தப் பினாங்குப் பிள்ளைக்கு வேட்டி எங்க?"

காளியாயி வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவுகளுக்கு ஒரு வருசமும் வச்சதில்லை ஆச்சி. பங்காளிக சத்தம் போட்டாக. பெரிய ஆச்சி கேக்கவே இல்லை."

அப்படியென்றால் இந்தத் தாய் மகன் செத்ததை இன்றுவரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் எல்லோரும், பிள்ளை கூட்டுகிறார் என்றால் மனம் தேறிவிட்டார் என்று நினைத்தோம். தேறியவர்தான் பிள்ளை கூட்டுவார் என்பது எங்கள் கணக்கு. ஆச்சி யாரையும் புதிதாகக் கூட்டவில்லை. போனவனைத் திருப்பி அழைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது, அதே வயதில்; அதனால்தான் என் மாமியாரிடம் பிறந்த வருஷத்தை மட்டும் கேட்டார். அதைச் சண்டைபோட்டுக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

வெயிலில் வேட்டிகளைக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது புதுத் துணிக் கட்டைப் பிரித்தால், இருக்கவேண்டியதைவிட ஒரு வேட்டி கூடுதலாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. இந்த வருஷம் ஆச்சி முத்தப்பனுக்கும் வைக்கப் போகிறார், அப்படி வைத்துவிட்டால் அவன் போய்விடுவான், என் மனிதர் எனக்கு மிச்சம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அன்று மத்தியானம் ஆச்சிக்கு நானே ஆசையாகக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் வளவு நிறைந்துவிட்டது. பங்காளி என்ற முறையில் என் மாமியாரும் வந்து தூணோரம் உட்கார்ந்திருந்தார். வரிசையாக இலை. ஒவ்வோர் இலைக்கு முன்னாலும் ஒரு புதுத் துணி. என் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு, வீட்டுப் பிள்ளையாக, ஆச்சிக்குப் பக்கத்தில் நின்றார். மூத்த பங்காளி சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைத்துக்கொண்டு வந்தார். கடைசி இலைக்கு வந்தவர் சீட்டைக் கண்ணருகில் கொண்டுபோனார். ஆச்சியைப் பார்த்தார்.

"படிங்க," என்றார் ஆச்சி.

"சோமுவுக்கு," என்று படித்தார் அவர்.

யாரோ ஒருவர் "சிவ சிவா" என்றார். முணுமுணுப்பு எழுந்தது. ஆச்சி நிதானமாகப் பேசினார்.

"எதுக்கு இந்த எரைச்சல்? பிள்ளை விட்டாச்சுன்னா பெத்த வீட்டுக்கு அவன் இல்லைதானே? கொள்ளி வைக்க உரிமையில்லை, பங்குல பேரில்லை. இந்த வீட்டுலயும் அந்தப் பேருக்கு ஆள் இல்லை. ரெண்டு வீட்டுலயும் இல்லாத பேருக்கு ஒரு வேட்டி, ஒரு எலை. அதுல என்ன குத்தம்?"

பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிதாக இருந்தாலும் நியாயம் இருக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவர் தலையாட்டினார். நாலு பேர் தலையாட்டிவிட்டால் எங்களில் அது வழக்கமாகிவிடும். என் கண்ணெதிரே, பட்டப்பகலில், உயிரோடு இருக்கிற ஆளை இலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தூணோரம் என் மாமியார் விம்மும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் அவரிடம் போனார். குனிந்து, தோள்துண்டால் அவர் கண்ணைத் துடைத்தார்.

"அழாதீக ஆச்சி," என்றார், பெற்ற தாயிடம். "சோமு எனக்கும் பழக்கந்தான். நல்ல மனுசன். மனசைத் தேத்திக்கங்க."

அவர் கண்ணிலும் நீர் இருந்தது. நடிப்பில்லை. என் மாமியார் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் கன்னத்தைத் தடவி, "நீ நல்லாயிருப்பா, முத்தப்பா," என்றார். போன தையில் ஊர் பார்க்கக் கொடுத்தார். இந்தத் தடவை மனதாரக் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. இனி அவரை இழுத்துப் பிடிக்க நான் ஒருத்திதான்.

ஆச்சி நெய்க்கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். எல்லா இலைக்கும் வீட்டு மருமகள்தான் நெய் ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டு வந்து கடைசி இலைக்கு முன்னால் நின்றேன். பங்காளிகள் முன்னால் நான் அதுவரைக்கும் வாய் திறந்ததே இல்லை.

"நான் ஊத்த மாட்டேன்," என்றேன். குரல் வளவு முழுக்கக் கேட்டது. "எம் புருசன் உயிரோட இருக்காக. இந்தா நிக்கிறாக. என்னங்க, வாங்க, போவோம். கோட்டையூருக்கே போவோம். ஒழுகட்டும், நான் தள்ளிப் படுத்துக்கிறேன். ஒங்களை இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாங்க."

பங்காளிகள் அவர் பக்கம் திரும்பினார்கள். ஆச்சியும் அவரையே பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் நானும் ஆச்சியும் ஒரே பயத்தில் இருந்தோம்.

அவர் என்னிடம் வந்தார். கிண்ணத்தை வாங்கப் போவதுபோல் குனிந்து, என் காதோரம், "சிகப்பி," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும் அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. என் சோமுவின் குரல்.

"என்னைக் கூப்பிடாத," என்றார். "பொறந்ததுலேருந்து வாசல்ல நின்னு என்னை யாரும் தேடுனதில்லை. நீகூடத் தேடலை. இங்க நல்லாயிருக்கு. ஊத்திரு சிகப்பி. நான் போறேன்."

எங்கள் பக்கத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போகிறவன்கூட "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான். போறேன் என்று யாரும் சொல்லிக் கிளம்புவதில்லை. அவர் தெரிந்தேதான் சொன்னார்.

நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. சிறுபிள்ளை மாதிரி ஆச்சியைத் திரும்பிப் பார்த்து, "ஆத்தா, பசிக்குது," என்றார்.

நான் ஊற்றினேன். கிண்ணம் காலியாகும்வரைக்கும் ஊற்றினேன். நெய் இலையைத் தாண்டி வேட்டியில் இறங்கியது. பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இருபத்திரண்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவருக்கு அழவேண்டிய அழுகை. பங்காளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கூடவே அழுதார்கள்.

ஆச்சிதான் என்னைத் தூக்கி நிறுத்தினார். என் நெற்றியில் கலைந்திருந்த குங்குமத்தை முந்தானையால் ஒற்றித் துடைத்து, புதிதாக வைத்துவிட்டார்.

"நீ ஏன்த்தா அழுகுறே? யாரோ போனதுக்கு? ஒம் புருசன் இந்தா உக்காந்திருக்கான் பாரு."

பார்த்தேன். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. நான் கட்டிக்கொண்டவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.